லாரி கன்டெய்னர் பாடிக்கு எடை குறைந்த பக்கப் பலகைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி வட்டாரத்தில் லாரிக்காரர்கள் 'கன்டெய்னர் பாடி' என்று சொல்வது, சேசிஸ் மேல் நிரந்தரமாகக் கட்டிய மூடிய பெட்டியை. அதன் பக்கத் தகரம் துருப்பிடித்து ஓட்டை விழுந்ததும் வண்டி பட்டறைக்கு வரும். உரிமையாளர் இறங்கியதும் கேட்பது, "இந்த முறை எடை குறைவாக ஏதாவது போடலாமா?" என்பதுதான். தாராளமாகப் போடலாம். எதைப் போடுவது என்பதை நீங்கள் ஏற்றும் சரக்கு தீர்மானிக்கும். போட்டது எத்தனை வருடம் உழைக்கும் என்பதைப் பலகையின் விளிம்பு தீர்மானிக்கும். பாடி கட்டும் வேலையில் நீண்ட காலமாக இருப்பவன் என்ற முறையில், என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கணக்குகள் எல்லாம் 20 அடி நீளம், ஏழரை அடி உயரம் உள்ள பக்கத்துக்கு. ஒரு பக்கம் 150 சதுர அடி. இரண்டும் சேர்ந்தால் 300 சதுர அடி, அதாவது சுமார் 28 சதுர மீட்டர்.

என் வண்டிக்கு எடை குறைந்த பலகை உண்மையிலேயே தேவையா?

உங்கள் வண்டியில் முதலில் நிறைவது இடமா, எடையா என்று பாருங்கள். திருப்பூரிலிருந்து பனியன் பெட்டி ஏற்றுகிறவருக்குக் கூரை வரை அடுக்கினாலும் டன் கணக்கு மிச்சமிருக்கும். அவருக்குப் பாடி எடை குறைந்தால் டீசல் கொஞ்சம் மிச்சம், அவ்வளவுதான். அவர் எடையைவிட உள் அகலத்தைக் கவனிக்க வேண்டும். தடித்த பலகை போட்டு இரண்டு அங்குலம் போய்விட்டால், குறுக்கே ஒரு பெட்டி வரிசையே போய்விடலாம்.

எண்ணெய் டின், பெயின்ட் டப்பா, மளிகை மூட்டை ஏற்றுகிறவர் நிலை வேறு. பாதிப் பெட்டி காலியாக இருக்கும்போதே எடை முடிந்துவிடும். பின்னால் நான்கு டயர் கொண்ட இரண்டு அச்சு லாரிக்கு, வண்டியும் சரக்கும் சேர்த்து 18.5 டன் என்பது 2018 முதல் உள்ள வரம்பு. அதற்கு முன் 16.2 டன்னாக இருந்தது. இந்த வரம்புக்குள் பாடியில் குறையும் ஒவ்வொரு கிலோவும் சரக்காக மாறும். 200 கிலோ குறைந்தால் 50 கிலோ மூட்டை நான்கு கூடுதலாக ஏறும். வரம்பைத் தாண்டினால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் 2,000 ரூபாய். எனவே இந்த வகை வண்டிக்குப் பலகை மாற்றுவது வீண் செலவில்லை.

பழைய பக்கம் எவ்வளவு எடை இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

யார் சொல்லும் கணக்கையும் நம்ப வேண்டாம். எப்படியும் கழற்றப்போகிற பக்கம்தானே? அதில் ஓர் அடிக்கு ஓர் அடி துண்டு வெட்டி, பக்கத்து மளிகைக் கடைத் தராசில் வையுங்கள். 1.2 மி.மீ. இரும்புத் தகரம் சதுர அடிக்கு ஏறக்குறைய 875 கிராம் காட்டும். உள்ளே 9 மி.மீ. பிளைவுட் அடித்திருந்தால் அது இன்னொரு 540 கிராம். 300-ஆல் பெருக்கினால் தகரம் 260 கிலோ, பிளைவுட் 160 கிலோ, மொத்தம் 420 கிலோவை ஒட்டி வரும். வரிவரியாக மடித்த தகரம் என்றால் இன்னும் கூடும். மடிப்புக்குள் போன தகரத்துக்கும் எடை உண்டு.

துண்டை மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு இடத்தில் வெட்டச் சொல்வேன். ஒரு மழைக்காலத்தில் வந்த பார்சல் லாரியின் தகரத்தைக் கழற்றியபோது, பிளைவுட்டின் அடிப்பக்கம் ஓர் அடி உயரத்துக்குக் கறுத்துக் கிடந்தது. கையால் அழுத்தினால் தண்ணீர் வழிந்தது. மேலிருந்து வெட்டிய துண்டைவிடக் கீழிருந்து வெட்டியது ஏறக்குறைய ஒன்றரை மடங்கு எடை. அந்த உரிமையாளர் பல மாதங்களாக மழைத் தண்ணீரையும் சேர்த்தே சுமந்துகொண்டிருந்திருக்கிறார்.

என்னென்ன வகைப் பலகைகள் கிடைக்கின்றன? ஒவ்வொன்றும் என்ன எடை?

பழக்கமானதிலிருந்து தொடங்குகிறேன். 1.2 மி.மீ. இரும்புத் தகரம் சதுர மீட்டருக்கு 9.4 கிலோ. 2 மி.மீ. அலுமினியம் 5.4 கிலோ. 12 மி.மீ. பிளைவுட்டின் இரண்டு முகத்திலும் எஃப்.ஆர்.பி. (கண்ணாடி இழை சேர்த்த பிளாஸ்டிக்) பூசிய பலகை, பிளைவுட்டின் அடர்த்தியைப் பொறுத்து 11 கிலோவை ஒட்டி இருக்கும். கேட்பதற்கு இரும்பைவிட அதிகம்போலத் தோன்றும். ஆனால் அது வெளித்தகரம், உள்பிளைவுட் இரண்டின் வேலையையும் ஒன்றே செய்துவிடுகிறது. 28 சதுர மீட்டருக்கு 310 கிலோ என்றால், பழைய 420 கிலோவோடு ஒப்பிடும்போது 110 கிலோ லாபம். 2 மி.மீ. அலுமினியம் போட்டு உள்ளே அதே 9 மி.மீ. பிளைவுட்டை வைத்துக்கொண்டாலும் லாபம் கிட்டத்தட்ட அவ்வளவே.

அடுத்தது தேன்கூடுப் பலகை. நடுவில் பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக்கால் ஆன தேன்கூடு, இரு பக்கமும் எஃப்.ஆர்.பி. தோல். தேன்கூடு கன மீட்டருக்கு 80 கிலோதான் என்பதால், 20 மி.மீ. தடிமனில் நடுப்பகுதி சதுர மீட்டருக்கு 1.6 கிலோவோடு நின்றுவிடும். ஒன்றரை மி.மீ. தோல் இரண்டையும் பசையையும் சேர்த்தால் ஆறரை முதல் ஏழு கிலோ. இரண்டு பக்கத்துக்கும் 190 கிலோ போதும். இதற்கும் உள்ளே தனியாகப் பிளைவுட் வேண்டாம்.

நடுவில் ஃபோம் வைத்த பலகையும் ஏறக்குறைய இதே எடைதான். பால், மீன், ஐஸ்கிரீம் என்று குளிர்ச்சி காக்க வேண்டிய வண்டிக்கு அதுவே சரி. சாதாரணப் பார்சலுக்கு அதன் தடிமன் வீண்.

அலுமினியமா, தேன்கூடா? ஒன்றைச் சொல்லுங்கள்.

எடைதான் உங்கள் குறை என்றால் தேன்கூடு. தினமும் பல இடங்களில் ஏற்றி இறக்கி, ஃபோர்க்லிஃப்ட்டும் தள்ளுவண்டியும் உள்ளே போய்வரும் வண்டி என்றால் அலுமினியம்.

காரணம் இது. தட்டையான எந்தப் பலகைக்கும் விறைப்பு, தடிமனின் மும்மடிப் பெருக்கமாகக் கூடும். தடிமன் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்கு. தேன்கூடு தன் விறைப்பை இப்படித்தான் சம்பாதிக்கிறது: எடை இல்லாத ஒன்றை நடுவில் வைத்து இரண்டு தோலையும் விலக்கி நிறுத்துகிறது. காற்றும் சரக்கின் சாய்வும் பரவலாக அழுத்தினால் அது அசையாது. ஆனால் ஒரு கூர்முனை ஒரே இடத்தில் குத்தினால், அங்கே அதைத் தாங்க ஒன்றரை மி.மீ. தோல்தான் இருக்கிறது. அலுமினியம் குழி விழும், கிழியாது, தட்டி நிமிர்த்தலாம்.

இரும்பின் விறைப்பை அலுமினியத்தில் பெற ஒரே தடிமன் போதாது, ஏறக்குறைய 1.4 மடங்கு தடிமன் வேண்டும். 1.2 மி.மீ. இரும்புக்குப் பதில் 1.2 மி.மீ. அலுமினியம் போட்டுக்கொண்டு, "ஷீட் ஓடும்போது படபடவென்று அடிக்கிறது" என்று வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். 1.7 மி.மீ. தேவை, நடைமுறையில் 2 மி.மீ. வாங்குங்கள். அப்படியும் இரும்பின் எடையில் பாதியைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். எந்தத் தர அலுமினியம் என்று கடையில் கேட்டால் 5052 என்று சொல்லுங்கள். தூத்துக்குடி, சென்னைத் துறைமுகம் என்று உப்புக்காற்றில் ஓடும் வண்டிக்கு அது நன்றாகத் தாங்கும்.

கடைப் பெயர்ப்பலகைக்குப் போடும் ஏ.சி.பி. ஷீட்டைப் போட்டால் என்ன?

வேண்டாம். அரை மி.மீ.கூட இல்லாத அலுமினியத் தோலைப் பிளாஸ்டிக்கின் இரு பக்கமும் ஒட்டிச் சுவரை அலங்கரிக்கச் செய்த பொருள் அது. 4 மி.மீ. ஏ.சி.பி. சதுர மீட்டருக்கு 5.5 கிலோ; 2 மி.மீ. கெட்டி அலுமினியத்தைவிட எடைகூடக் குறைவில்லை. சாலை அதிர்வில் ரிவெட் துளையைச் சுற்றிக் கிழிந்துவிடும்.

விலை அதிகமாயிற்றே, போட்ட பணம் எப்போது திரும்பும்?

உங்கள் வாடகையை வைத்து நீங்களே கணக்குப் போடலாம். கூடுதலாக ஏற்ற முடிகிற கிலோ, கிலோவுக்குக் கிடைக்கும் வாடகை, மாதத்துக்கு எத்தனை நடை: மூன்றையும் பெருக்குங்கள். உதாரணத்துக்கு 200 கிலோ, கிலோவுக்கு 2 ரூபாய், மாதம் 8 நடை என்றால் மாதம் 3,200 ரூபாய். சாதாரணத் தகரத்துக்கும் புதுப் பலகைக்கும் உள்ள விலை வித்தியாசத்தை இதனால் வகுத்தால் மாதக் கணக்கு வந்துவிடும். முழு எடை ஏற்றும் நடைகளை மட்டும் எண்ணுங்கள். காலியாகத் திரும்புவதையும் சேர்த்து எண்ணினால் கணக்கு உங்களையே ஏமாற்றும்.

இரும்புத் தகரத்தை எடுத்துவிட்டால் பாடி ஆட்டம் காணாதா?

சரியான கவலை, இதைக் கேட்கிறவர்கள் குறைவு. சுற்றிலும் வெல்டிங் வைத்த இரும்புத் தகரம், வெயில் மழைக்கு மறைப்பாக மட்டும் இருக்கவில்லை. பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கும்போது பெட்டி சாய்சதுரமாகக் கோணாமல் இழுத்துப் பிடித்ததும் அதுதான். அதை வெட்டி எடுத்துவிட்டு நான்கு மூலையில் மட்டும் புதுப் பலகையைப் பிடித்துவைத்தால், ஒரு மாதத்தில் பின்கதவு கொண்டியில் உட்காராது.

இதற்கு வழி இரண்டு. ஒன்று, தூண்களுக்கு நடுவில் முன்பக்கம் ஓர் அறை, பின்பக்கம் ஓர் அறை என்று குறுக்குவாட்டச் சட்டம் வைப்பது. மற்றொன்று, பலகையின் நான்கு விளிம்பும் ஒவ்வொரு தூணும் முழு நீளத்துக்கு ஒட்டப்பட்டிருப்பது. இரண்டாவதுதான் எடைக்கு நல்லது. ஒட்டுதல் சரியாக இருந்தால் பலகையே அந்த இழுவையைத் தாங்கும். பழைய தகரத்தைக் கழற்றும்போதும் இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் திறந்துவிடாதீர்கள். ஒரு பக்கம் முடிந்த பிறகு மறுபக்கம்.

பொருத்தும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

மொத்த வேலையும் இங்கேதான் நிற்கிறது அல்லது விழுகிறது. பலகை நடுவில் கெட்டு நான் பார்த்தது அபூர்வம். விளிம்பில்தான் தொடங்கும்: ஒரு ரிவெட் துளை, ஒரு வெட்டுமுனை, கீழ்ச்சட்டத்தில் தேங்கிய ஒரு கைப்பிடித் தண்ணீர்.

முதலில் வெயில் கணக்கு. காலையில் 25 டிகிரியில் இருக்கும் பக்கம், சித்திரை வெயிலில் நின்றால் 65 டிகிரி வரை போகலாம். ஆறு மீட்டர் அலுமினியம் அந்த 40 டிகிரிக்கு ஐந்தரை மி.மீ. நீளும், அதைப் பிடித்திருக்கும் இரும்புச் சட்டம் மூன்று மி.மீ.கூட நீளாது. இந்த இரண்டரை மி.மீ. வித்தியாசம் எங்காவது போயாக வேண்டும். நெருக்கமாக ரிவெட் அடித்திருந்தால் துளைகள் நீள்வட்டமாகத் தேய்ந்து, அதன் வழியாகத் தண்ணீர் இறங்கும். அதனால்தான் பாலியூரிதேன் பசையை நான் வலியுறுத்துகிறேன். அது ரப்பர்போல நீண்டு சுருங்கும். ஆனால் அதற்கு இடம் கொடுக்க வேண்டும். பலகைக்கும் தூணுக்கும் நடுவே இரண்டு மூன்று மி.மீ. கனத்தில் பசை நிற்கும்படி சிறிய ரப்பர் துண்டுகளை இடைவிட்டு வையுங்கள். பலகையை இறுக்கிப் பசையையெல்லாம் வெளியே பிதுக்கிவிட்டால் மிஞ்சுவது காகிதக் கனம்; அது நீளாது, பிய்ந்துவிடும்.

பசை காற்றிலுள்ள ஈரத்தால் வெளியிலிருந்து உள்நோக்கி இறுகும், ஒரு நாளைக்கு மூன்று நான்கு மி.மீ. வீதம். மேலே தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும், உள்ளே பச்சையாகவே இருக்கும். "நாளைக் காலையில் லோடு இருக்கிறது" என்று அவசரப்படுத்தி வண்டியை எடுத்துப்போனவரின் முழுப் பக்கத்தையும் திரும்ப உரிக்க வேண்டி வந்தது. அகலமான ஒட்டுக்கு மூன்று நாளாவது வண்டி நிற்கட்டும்.

அடுத்து இரும்பும் அலுமினியமும். இரண்டும் நேரடியாகத் தொட்டு, நடுவே ஈரமும் இருந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிக்கத் தொடங்கும். சட்டத்தைத் துரு நீக்கிப் பிரைமர் அடித்து, தொடும் இடமெல்லாம் ரப்பர் பட்டை வையுங்கள். ரிவெட் போடும் இடத்தில் அலுமினிய ரிவெட் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு துளையிலும் சீலன்ட் தொட்டு அடியுங்கள்.

கடைசியாக வெட்டுமுனை. தேன்கூடுப் பலகையை வெட்டினால் விளிம்பில் அறுபட்ட அறைகள் வரிசையாகத் திறந்திருக்கும். பிளைவுட் என்றால் அடுக்குகள் தெரியும். வெட்டியவுடனே ரெசின் அல்லது சீலன்ட் பூசி அடைத்து, அதன் மேல் அலுமினிய சேனல் மாட்டுங்கள். பக்கவிளக்குக்கு வயர் நுழையத் துளைக்கும் சின்ன ஓட்டைக்கும் இதே விதிதான். எலக்ட்ரீஷியன் வந்து துளைத்துவிட்டுப் போன பிறகு நீங்களே போய்ப் பாருங்கள். கீழ்ச் சேனலில் இரண்டு அடிக்கு ஒரு வடிகால் துளை வேண்டும். மேலே எவ்வளவு அடைத்தாலும் எங்கேயாவது ஒரு சொட்டு நுழையும். நுழைந்தது வெளியேற வழி இருக்கட்டும்.

பலகை ஏறிய பிறகு அதன் அருகில் வெல்டிங் கூடாது. பாலிப்ரொப்பிலீன் 165 டிகிரியிலேயே உருகும். தூணில் வைத்த ஒரு சின்ன வெல்டிங், அரை அடி தூரத்துக்குத் தோலைத் தேன்கூட்டிலிருந்து பிரித்துவிட்டதை நான் பார்த்திருக்கிறேன். சட்ட வேலை எல்லாம் முன்பே முடிந்திருக்க வேண்டும்.

கயிறு கட்டும் கொக்கிகளை எங்கே மாட்டுவது?

தூணில் மட்டும். பலகையில் ஒருபோதும் வேண்டாம். தேன்கூட்டில் ஸ்க்ரூ பிடிக்காது, பிடித்ததுபோல் ஏமாற்றும். நடுவில் கட்டாயம் ஒரு கொக்கி வேண்டுமென்றால், தயாரிப்பாளரிடமே சொல்லி அந்த இடத்தில் பிளைவுட் பட்டை உள்ளே வைத்து வாங்குங்கள். உள்ளே கீழிருந்து ஓர் அடி உயரத்துக்கு 2 மி.மீ. அலுமினியச் செக்கர்டு தகடு அடிப்பதும் அவசியம். லோடுமேன் காலால் தள்ளும் பெட்டியின் மூலை படுவது அந்த ஓர் அடியில்தான். இதனால் 20 கிலோவுக்குச் சற்று மேல் ஏறும். ஏறட்டும். 420 கிலோவிலிருந்து 190-க்கு இறங்கிய பிறகு, இதைச் சேர்த்தாலும் 200 கிலோ மிச்சம் கையில் நிற்கிறது.

நிறத்தில் என்ன இருக்கிறது?

வெள்ளை எடுங்கள். கருநீலமும் கறுப்பும் வெயிலை வாங்கிப் பலகையைச் சுட வைக்கும். ஒட்டு, தோல், உள்ளிருக்கும் சரக்கு எல்லாவற்றுக்கும் கேடு. கம்பெனி நிறம் வேண்டுமென்றால் பட்டையாக எழுதிக்கொள்ளலாம்.

ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டுமா?

ஆர்.சி.யில் வண்டியின் வெற்று எடை எழுதப்பட்டிருக்கிறது. 200 கிலோ குறைந்தால் அந்த எண் பொய்யாகிவிடும். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, வண்டியில் செய்த மாற்றத்தை 14 நாட்களுக்குள் பதிவு அதிகாரியிடம் தெரிவிக்கச் சொல்கிறது. வேலை தொடங்கும் முன்பே போய்க் கேட்டுவிடுவது நல்லது. பழைய எடைச்சீட்டு ஒன்று, வேலை முடிந்ததும் எடைமேடையில் ஏற்றிப் புதுச்சீட்டு ஒன்று, இரண்டையும் பத்திரமாக வைத்திருங்கள். அகலம் 2.6 மீட்டரைத் தாண்டக் கூடாது. தடித்த பலகையை வெளிப்பக்கமாக வைத்துக் கட்டும்போது இது கைநழுவும். பழைய பக்கத்தோடு போய்விட்ட ஒளிபிரதிபலிப்புப் பட்டையையும் திரும்ப ஒட்டுங்கள், பக்கவாட்டில் மஞ்சள். எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்காக மட்டும் சொல்லவில்லை; இரவில் சாலையோரம் நிற்கும் லாரியை பைக்கில் வருகிறவருக்குக் காட்டிக்கொடுப்பது அந்தப் பட்டைதான்.

வாங்கும்போது தரத்தை எப்படிச் சோதிப்பது?

ஓர் அடித் துண்டு கேட்டு வாங்குங்கள். தர மறுப்பவரிடம் பலகையும் வாங்க வேண்டாம். ஐந்து ரூபாய் நாணயத்தால் முகம் முழுவதும் தட்டிக்கொண்டே போனால் கணீரென்று ஒரே சத்தம் வர வேண்டும். ஓரிடத்தில் மந்தமாகப் 'பொத்'தென்று கேட்டால் அங்கே தோல் ஒட்டவில்லை. பிறகு துண்டை எடைபோட்டு, ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, துடைத்து, மறுபடி எடைபோடுங்கள்; எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்று தெரிந்துவிடும். பிளைவுட் வகையில், தண்ணீர் தாங்கும் மரைன் பிளைவுட்டுக்கான ஐ.எஸ். 710 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக ஒரு மரப்பெட்டியின் மூலையால் ஓங்கி ஒரு குத்து. நாளை உங்கள் வண்டிக்குள் நடக்கப்போவது அதுதான்.

வழியில் கிழிந்தால் என்ன செய்வது?

எஃப்.ஆர்.பி. தோல் என்றால் ரெசினும் கண்ணாடி இழை விரிப்பும் வைத்து ஒட்டலாம். அதுவரை மழைநீர் புகாமல் அகலமான டேப்பாவது ஒட்டி ஓட்டுங்கள். ஒட்டுவதற்கு முன் உள்ளே போன ஈரம் முழுவதும் காய வேண்டும்.

ஓர் எச்சரிக்கை, தயவுசெய்து மறக்க வேண்டாம். பாலியஸ்டர் ரெசினோடு கோபால்ட் என்ற ஊதா நிறத் திரவமும், கேட்டலிஸ்ட் என்ற நிறமற்ற திரவமும் தருவார்கள். இந்த இரண்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, வெடித்துத் தீப்பிடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே கேட்டலிஸ்டைச் சேர்க்க வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் பையன்களை இந்த வேலைக்கு விடாதீர்கள்.

வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

நண்பகலில் உள்ளே ஏறி, கதவைச் சாத்தச் சொல்லுங்கள். கண் இருட்டுக்குப் பழக இரண்டு நிமிடம் ஆகும். பிறகு மூலைகளையும் கீழ்ச்சட்டத்தையும் ரிவெட் வரிசையையும் மெதுவாகப் பாருங்கள். ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தால் அங்கே சாக்பீஸால் ஒரு வட்டம். அடுத்து வெளியே ஒருவர் குழாயால் ஒவ்வொரு பக்கமும் பத்து நிமிடம் தண்ணீர் அடிக்க, நீங்கள் உள்ளேயே இருந்து கையால் விளிம்பைத் தடவிக்கொண்டே வாருங்கள். விரல் நனையும் இடத்திலும் ஒரு வட்டம். அத்தனை வட்டமும் அடைக்கப்பட்ட பிறகு மிச்சப் பணத்தைக் கொடுங்கள். முதல் மாதம் ஓடிய பின், ஒரு நல்ல மழைக்கு மறுநாள், இதே சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள்.